அத்தானின் அடிச்சங்கீதம்

எங்கள் அத்தான் சும்மா வீட்டுக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. வாசற்படியில் கால் வைக்கும்போதே அவர் வாயில் டமாரம் கிளம்பிவிடும். செருப்பைக் கழற்றும்போது நாலைந்து பிடில் சேர்ந்துகொள்ளும். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தால் புல்லாங்குழல். அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லையென்றால் அந்தப் புல்லாங்குழல் பாதியிலேயே தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடங்கிவிடும். எல்லாம் வெறும் வாய்தான். அவர் ஒரு வாத்தியத்தையும் கையால் தொட்டதில்லை.

என் அக்காவைக் கட்டியவர் அவர். சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அக்கா முழுகாமல் இருந்தபோது துணைக்கு இருக்கட்டும் என்று விளாங்குடியிலிருந்து அப்பா என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுப் போனார். பிள்ளை பிறந்த பிறகும் நான் ஊர் திரும்பவில்லை. எனக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. விளாங்குடியில் எங்கள் வீட்டில் யாரும் இப்படி வாயால் வாத்தியம் வாசிக்க மாட்டார்கள். அண்ணன் ஏப்பம் விடுவான், அதோடு சரி.

அந்தக் காலத்தில் சினிமாப் பைத்தியம் எல்லாருக்கும் இருந்தது. அத்தானுடைய பைத்தியம் வேறு மாதிரி. ஊரே பாட்டுக்கு உருகியது. பாட்டுப் புத்தகத்தை வாங்கி மனப்பாடம் செய்து தெருத்தெருவாகப் பாடியது. அத்தானுக்குப் பாட்டு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பேர் பேசும்போதோ, ஒருத்தர் பேசாமல் நடந்து போகும்போதோ அடியில் ஒரு சங்கீதம் ஓடுமே, அதுதான் அவருக்கு உயிர். இன்றைக்கு அதற்குப் பின்னணி இசை என்று பேர் வைத்து மேடை போட்டுப் பேசுகிறார்கள். அன்றைக்கு அதைக் கவனித்தவர்களே குறைவு. அத்தான் தானாகவே ‘அடிச்சங்கீதம்’ என்று ஒரு பேர் வைத்துக்கொண்டார்.

எங்கள் சந்து முனையில் ஒரு சலூன். மாடி ஜன்னலைத் திறந்தால் அங்கே பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கும். வயசுப்பெண் ஜன்னலில் நிற்கக்கூடாது என்று அக்கா கத்துவாள். நான் துணி காயப்போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரே துண்டைத் திருப்பித் திருப்பிக் காயப்போடுவேன். கீழே சலூன்காரர், சோடாக்கடை பாய், அத்தான் மூன்று பேருக்கும் சாயங்காலமானால் சண்டை ஆரம்பமாகும். எந்த சங்கீத டைரக்டர் பெரியவர் என்பதுதான் சண்டை.

“நம்மாளு போட்டாத்தான் அண்ணே பாட்டு,” என்பார் பாய். “ஒரு தடவை கேட்டா நாலு நாளைக்கு நாக்குல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்.”

“பாட்டு கெடக்கட்டும் பாய்,” என்பார் அத்தான். “அந்தப் படத்துல ராணி மதில்ல ஏறுறா. யாரும் ஒரு வார்த்தை பேசல. அப்ப உங்களுக்கு ஏன் தொண்டைய அடைச்சுச்சு?”

“விழப்போறாளேன்னு அடைச்சுச்சு.”

“விழப்போறான்னு உங்களுக்கு யாரு சொன்னா? அவ சொன்னாளா?”

சலூன்காரர் கத்தியை நிறுத்திவிடுவார். பாதிக் கன்னம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவரும் பதிலுக்குக் காத்திருப்பார்.

“பிடில் சொல்லுச்சு பாய்,” என்பார் அத்தான். “அடியில ஒண்ணு இழுத்துக்கிட்டே ஓடுச்சுல்ல, அது சொல்லுச்சு. அவ மதில் மேல நின்ன ஒடனே சடக்குன்னு நின்னுச்சு பாருங்க. அந்த நிப்பாட்டுலதான் உங்களுக்குத் தொண்டை அடைச்சுச்சு. அப்படி எங்க நிப்பாட்டணும்னு தெரிஞ்சவன்தான் பெரிய ஆளு.”

அந்தக் கூட்டத்தில் ஒரு விளையாட்டு உண்டு. அத்தான் ஏதாவது ஒரு படத்தின் அடிச்சங்கீதத்தை வாயால் வாசிப்பார். மற்றவர்கள் எந்த சீன் என்று சொல்ல வேண்டும். சலூன்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருவர் மோவாயில் கத்தி இருக்கும்போதே, “கப்பல் கவுந்த சீன்!” என்று கத்துவார். அத்தான் சந்தோஷம் தாங்காமல் அவர் முதுகில் ஒன்று போடுவார். கத்தி கன்னத்தைக் கிழிக்காமல் இருந்ததே அந்தச் சந்துக்காரர்கள் செய்த புண்ணியம்.

கொட்டகையில் படத்தின் ஆரம்பத்தில் பேர்கள் ஓடும். கதாநாயகி பேருக்குக் கொட்டகையே கை தட்டும். கடைசியில் பொடி எழுத்தில் சங்கீத டைரக்டர் பேர் வரும்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கை தட்டும். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். “உன் அத்தான் வந்து சேந்துட்டாருடி,” என்பாள். வெட்கப்பட்டாள் என்று நினைத்தால் அது பாதிதான் நிஜம். கை தட்டும் சத்தம் வரும்வரை அவள் படத்தையே பார்க்க மாட்டாள்.

வீட்டில் இருந்த எங்கள் ஒவ்வொருவருக்கும் அத்தான் ஓர் அடிச்சங்கீதம் கட்டியிருந்தார். என்னுடையது ஈயப்பாத்திரங்கள் படியில் உருளுகிற மாதிரி இருக்கும். நான் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு வந்தால் அதை வாசிப்பார். விளாங்குடியிலிருந்து அப்பா காய்கறி மூட்டையோடு வந்து இறங்கினால் பெரிய டமாரம், யானை நடக்கிற கதியில். அது தனக்குத்தான் என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. “மாப்ளைக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு, கஷாயம் போட்டுக் குடு,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவார்.

அக்காவுக்குப் பிறந்தது பெண். அது நடை பழகியபோது அத்தான் அதற்கு ஒன்று கட்டினார். எல்லாவற்றிலும் அழகானது அதுதான். குட்டிக்குட்டியாகப் பிடில் துள்ளிக்கொண்டு ஓடும். நடுவில் சட்டென்று நின்றுவிடும். பிள்ளை தொப்பென்று உட்கார்ந்து, அழலாமா வேண்டாமா என்று சுற்றிலும் எங்கள் முகங்களைப் பார்க்குமே, அந்த நேரத்துக்கு. பிறகு அது எழுந்ததும் மறுபடி துள்ளி ஓடும். பிள்ளைக்கும் இது பழகிவிட்டது. அத்தான் வாசிக்கும்போது வேண்டுமென்றே நடுவில் உட்கார்ந்துகொண்டு அவர் வாயையே பார்க்கும். அது எழாமல் அவரும் தொடர மாட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்கள்.

பொய் சொல்லும்போதும் அவருக்கு வாத்தியம் வேண்டும். கடையில் சரக்கு இறங்கியது, அதனால்தான் நேரமாகிவிட்டது என்பார். சொல்லி முடித்ததும் அவரே மூக்கு வழியாக, கள்ளன் பதுங்கி வருவதுபோல ஒரு பிடிலை இழுப்பார்.

“பொய்யும் சொல்லி, அதுக்குப் பிடிலும் வாசிக்கிறீங்களாக்கும்?” என்பாள் அக்கா. அதனால் அந்த வீட்டில் ஒரு பொய்யும் நிலைத்ததில்லை.

சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். எல்லா நாளும் அப்படி இல்லை. அக்கா ஒன்றைக் கேட்டால் அவர் நேராகப் பதில் சொல்லவே மாட்டார். பெரிய பேச்சாக இருந்தால் பெரிய வாத்தியம், அவ்வளவுதான். கடையில் முதலாளியோடு ஏதோ மனஸ்தாபம், வேலை நிற்குமா போகுமா என்று தெரியவில்லை. அக்கா பின்னாலேயே வந்து கேட்கிறாள். இவர் யுத்தக்கள டமாரம் வாசித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை நேரா பேச மாட்டேங்கிறாருடி,” என்று அன்று அக்கா அழுதாள். “எல்லாத்துக்கும் வாத்தியம். இவரு மனசுல என்ன இருக்குன்னு நான் படம் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?”

எனக்கு அத்தான் மேல் கோபம் கோபமாக வந்தது. கேட்கிறவளுக்கு வாயைத் திறந்து ஒரு பதில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. விஷக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. அத்தான் வாசற்படி ஏறி வந்தார், டமாரம் இல்லை. செருப்பைக் கழற்றினார், பிடில் இல்லை. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் தொண்டையைக் கனைக்கக்கூட இல்லை. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை தங்கவில்லை.

விளாங்குடியிலிருந்து அப்பாவும் அண்ணனும் வந்துவிட்டார்கள். சந்துக்காரர்கள் வாசலில் நின்றார்கள். சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். பாயும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். உள்ளே அக்கா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அழுகை வற்றிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கிக்கங்க மாப்ளே, வெயில் ஏறுது,” என்றார் அப்பா.

சின்னப்பிள்ளை, பாடை எல்லாம் கிடையாது. தகப்பன் கையிலேயே தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அத்தான் குனிந்து பிள்ளையை வாங்கினார். தோளில் சாய்த்துக்கொண்டார். இரண்டு எட்டு வைத்தார். அப்போது அவர் வாயிலிருந்து அது வந்தது.

பிடில். ரொம்ப மெதுவாக, இழுத்து இழுத்து. முதலில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. பெற்றவன் அழுகிறான் என்றுதான் நினைத்தார்கள். சில கிழவிகள் கூடச் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். அத்தான் வாசல்வரை வந்தார். சங்கீதம் சட்டென்று நின்றது. அவரும் நின்றார். உள்ளே அக்கா தலையை நிமிர்த்தினாள்.

“ராணி மதில்ல இருந்து விழுற சீன்!” என்றார் சலூன்காரர்.

சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பழக்கம். அத்தான் வாசித்து நிறுத்தினால் அவர் வாயில் பதில் வந்துவிடும், எத்தனையோ சாயங்காலம் அப்படித்தான் வந்திருக்கிறது. சொன்ன அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டார். அவர் முகம் செத்துப்போயிற்று. பாய் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு சந்துக்கு வெளியே போனார். என்ன செய்து என்ன? சாவு வீட்டில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது.

அண்ணன் பாய்ந்து வந்தான். “பெத்த புள்ளையத் தூக்கிக்கிட்டு சினிமாச் சங்கீதமாய்யா வாசிக்கிறே? மனுசன்தானா நீ?”

அத்தானின் வாய் பாதி திறந்தபடியே இருந்தது. அடுத்ததை வாசிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அப்பா குறுக்கே வந்து அண்ணனை விலக்கிவிட்டு, “நடங்க, மொதல்ல காரியம் ஆகட்டும்,” என்றார். அத்தான் வாயை மூடிக்கொண்டு நடந்தார்.

அன்றே அப்பா அக்காவை விளாங்குடிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். நானும் போனேன். ஊரில் விஷயம் எங்களுக்கு முந்தியே போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளை பிணத்தை வைத்துக்கொண்டு சினிமா பார்த்தான் என்று ஒருத்தி, சலூன்காரனோடு சேர்ந்து ஆடினான் என்று இன்னொருத்தி. அவர்கள் வாயை அடைக்க என்னால் முடியவில்லை. எனக்கே அத்தானை நினைத்தால் ஆறவில்லை. அக்காவுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன், அந்த நேரத்திலும் ராணியைத்தான் நினைத்தாரா?

மழைக்காலம் முடிந்து ஒரு காலைப்பொழுதில் அத்தான் வந்தார். மெலிந்திருந்தார். சட்டையில் தோள் எலும்பு தெரிந்தது. அப்பா உட்காரச் சொல்லவில்லை. முற்றத்திலேயே நின்றார். அண்ணன் கொல்லைப்பக்கமிருந்து வந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

“அவளக் கூட்டிட்டுப் போக வந்தேன் மாமா,” என்றார் அத்தான். அவர் அவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“எப்படி அனுப்புறது மாப்ளே? நீங்க செஞ்ச காரியம் அப்படி.”

அத்தான் தலை குனிந்துகொண்டார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“இனிமே வாயில வாத்தியம் வாசிக்கக் கூடாது. வீட்டுல, கடையில, எங்கயுமே கூடாது. சம்மதம்னா வாரேன்.”

எங்கள் அப்பாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. மகள் குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தார். அண்ணன்கூட, “அதுதான் சரி,” என்றான். அத்தான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். பாத்திரம் வாங்க வருகிறவர்களுக்கு முன்பெல்லாம் செம்பைச் சுண்டி, அந்த நாதத்தோடு வாயாலும் ஒன்றைச் சேர்த்து வாசித்துக் காட்டுவார். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். இப்போது காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். சலூன் பக்கம் போகவில்லை. சினிமாவுக்கும் போகவில்லை. அக்கா ஒன்று கேட்டால் நேராகப் பதில் சொன்னார். “சரி”, “வேணாம்”, “நாளைக்குப் பாப்போம்.” அவள் முன்பு அழுது அழுது கேட்டது அதுதானே, கிடைத்துவிட்டது. அடுத்து ஓர் ஆண்பிள்ளை பிறந்தான். அவன் நடை பழகினான், விழுந்தான், எழுந்தான். அவனுக்கென்று ஒன்றும் கட்டப்படவில்லை. வீட்டில் பூனை நடக்கிற சத்தம்கூடக் கேட்டது.

என்னையும் சிம்மக்கல்லிலேயே, இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்தார்கள். யுத்தம் முடிந்து சில வருஷம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் சலூன்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“தங்கச்சி, அந்த ராணி படம் பழைய கொட்டகையில திரும்பப் போட்டிருக்கான். நேத்துப் பாத்தேன். இன்னைக்குக் காலையில பாயையும் இழுத்துட்டுப் போயி இன்னொரு தடவை பாத்தேன்.”

“அதுக்கென்ன அண்ணே?”

“அது வேற, இது வேறம்மா. நடுவுல ஒரு நிப்பாட்டு இருக்கு, வாஸ்தவந்தான். அந்த நிப்பாட்டத்தான் நான் பிடிச்சுக்கிட்டுக் கத்திட்டேன். ஆனா சங்கீதமே வேற. அன்னைக்கு அவரு வாசிச்சது அந்தப் படத்துல இல்ல. பாயும் சொல்றாரு, எந்தப் படத்துலயும் இல்லன்னு. அவர அம்புட்டுப் பேரும் காறித் துப்புனாங்களே தங்கச்சி, என்னாலதானே? அவரு ஏன் அப்பவே ஒரு வார்த்தை சொல்லல?”

நான் அடுப்பில் வைத்த உலையைக்கூட இறக்காமல் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். முறம் நிற்கவில்லை.

“தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அது பாப்பாவோடது. விழுந்து எந்திரிக்கிறதுக்கு வாசிப்பாரே, அதுதான். அன்னைக்குப் பைய வாசிச்சாரு, அம்புட்டுதான். உங்களுக்கெல்லாம் பிடிபடல. எனக்குப் பிடிபட்டுருச்சு. இப்ப எந்திரிக்கிற எடம் வரப்போகுதுன்னு தலையத் தூக்கிப் பாத்தேன். அதுக்குள்ள அந்த மனுசன் கத்திட்டாரு.”

அவள் தலையை நிமிர்த்தியது எனக்கு ஞாபகம் வந்தது. சலூன்காரர் கத்தியதற்குத்தான் நிமிர்ந்தாள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அதற்கு முன்பே நிமிர்ந்திருக்கிறாள். அத்தான் அன்று பாதி வாயோடு நின்றது எதற்கு என்றும் அப்போதுதான் புரிந்தது. பிள்ளை இன்னும் எழவில்லை.

“தெரிஞ்சும் ஏங்க்கா அவர வாசிக்கக் கூடாதுன்னு சொன்னே? அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே!”

“தெரிஞ்சதுனாலதாண்டி சொன்னேன்.” முறம் இப்போது நின்றது. “அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனா, என்னைக்காவது ஒருநாள் மிச்சத்தையும் வாசிப்பாரு. எம்புள்ள எந்திரிச்சு ஓடுறது எனக்குக் கேக்கும். கண்ணத் தொறந்தா அது இருக்காது. நான் எப்படிடி தாங்குவேன்? மானம் போச்சு மரியாத போச்சுன்னு நீங்கள்லாம் பேசுனீங்க. எனக்கு அதுவா பெருசு?”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்பவாவது சொல்லேன்க்கா. எம்புட்டு வருஷமாச்சு. பையனுக்கு ஒண்ணாவது வாசிக்கட்டுமே,” என்றேன்.

“சொல்லாமயா இருப்பேன்? போன தீவாளிக்கே சொல்லிட்டேன். நான்தானே வேணாம்னேன், நானே சொல்றேன், வாசிங்கன்னு சொன்னேன்.”

“அத்தான் என்ன சொன்னாரு?”

“எல்லாம் மறந்துபோச்சுன்னாரு.”

“நெசமாவா? அவருக்கா மறக்கும்?”

அக்கா முறத்தில் கிடந்த கல்லை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

“அதுதாண்டி எனக்குத் தெரியல. முன்னெல்லாம் பொய்யின்னா ஒரு பிடில் கேக்கும். இப்ப நான் எத வச்சுக் கண்டுபிடிக்கிறது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். நானும் திரும்பினேன். நிலைப்படிக்கு உள்ளே, செருப்பைக் கழற்றிவிட்டு அத்தான் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.